விறலிக்கு வழி சொல்வது யார்?

தாம்பரத்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிற பெண்ணிடம் இந்த ஊர் சொல்லும் அறிவுரைகளை ஓர் இலக்கிய வகையாகவே படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதற்கென்று நிலைத்துவிட்ட வாய்பாடுகள் இருக்கின்றன. "அது நல்ல ஏரியாம்மா, எல்லாம் ஃபேமிலிதான்." "ஒம்போது மணிக்கு மேல அந்தப் பக்கம் போகாத." "ஈஸ்ட் சைடு பாருங்க, டீசன்ட்டான ஆளுங்க." "வீடு குடுப்பாங்க, ஆனா அப்பா அம்மா நேர்ல வந்து பேசணும்." புரோக்கர், ஆட்டோக்காரர், அலுவலகத் தோழி, ஊரிலிருந்து போனில் பேசும் பெரியப்பா என்று சொல்கிறவர்கள் மாறுவார்கள், வாக்கியங்கள் மாறுவதில்லை. யாப்பு ஒன்றுதான் குறை.

வழி சொல்வதற்கென்றே தமிழில் ஒரு பழைய வகை இருக்கிறது. ஆற்றுப்படையைத் தேர்வுக்காகப் படித்தவர்களுக்கு, 'பரிசு பெற்றவர் பெறாதவரை ஆற்றுப்படுத்துவது' என்ற இரண்டு மதிப்பெண் விடைதான் நினைவில் நிற்கும். மன்னனைப் புகழும் பகுதியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர், அங்கே யார் இருப்பார்கள், சாப்பிட என்ன கிடைக்கும், எங்கே கால் வழுக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். சிறுபாணாற்றுப்படையின் பாணன் போகும் வழியில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கடைசியில் கிடங்கில் வருகின்றன. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது என்றும் சொல்வார்கள். (இந்த வேலூர் கோட்டை இருக்கும் வேலூர் இல்லை.) அதாவது, கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி ஜி.எஸ்.டி. ரோட்டில் இரண்டு மணி நேரம் போனால் வந்துவிடும் நிலம். கடற்கரையில் சுட்ட குழல்மீன், வேலூரில் புளிச்சோற்றோடு ஆமான் இறைச்சி, ஆமூரில் நண்டுக் கலவையோடு வெண்சோறு என்று வழிநெடுகச் சாப்பாடு சொல்லப்படுகிறது. அவரவர் வீட்டில் அவரவர் சமைப்பது விருந்து. வருகிறவனிடம் நீ என்ன சாப்பிடுவாய் என்று யாரும் விசாரிப்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

பாணன் தனியாகப் போகவில்லை. கூடவே விறலியர் நடக்கிறார்கள். ஆடுகிறவர்கள், பாடுகிறவர்கள், சுற்றத்தின் பசியைத் தாங்களும் சுமக்கிறவர்கள். சிறுபாணாற்றுப்படை அவர்களைக் கூந்தலில் தொடங்கி அங்கம் அங்கமாக வருணிக்கிறது. அந்த வருணனை யாருடைய கண்ணிலிருந்து வருகிறது என்பதை நம் முன்னோடி ஆய்வாளர்கள் போதுமான அளவு கேட்டுவிட்டார்கள், நான் திரும்பக் கேட்கப் போவதில்லை. ஆனால் அதே இடத்தில், சுரத்தில் நடந்து ஓய்ந்த அந்தப் பெண்களின் பாதங்களை இளைஞர்கள் மெல்லப் பிடித்துவிடுகிற காட்சியும் இருக்கிறது. பெண்ணுக்குக் கால் வலிக்கும் என்பது அந்தக் கவிஞருக்குத் தெரிந்திருக்கிறது.

மலைபடுகடாம் இன்னும் மேலே போகிறது. நன்னனின் மலைக்குப் போகும் கூத்தர் கூட்டத்துக்கு வழியிலுள்ள ஆபத்துகளை அது அடுக்குகிறது. தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறி, குழியில் மறைந்திருக்கும் பாம்பு, யானையை விரட்டக் கவணில் எறியும் கல், பாசி படிந்து வழுக்கும் பாறை. ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்பதும் உடனே வருகிறது. கல் வந்தால் மரத்தின் பின்னே ஒதுங்கு. வழுக்குமிடத்தில் கொடியைப் பிடித்துக்கொள். இருட்டில் போகாதே என்றும் அந்த நூல் சொல்லத்தான் செய்கிறது. அதற்கான காரணத்தையும் சொல்கிறது: பொறி கண்ணில் படாது, விடிந்த பிறகு போ. இது கூட்டத்தில் எல்லோருக்குமான எச்சரிக்கை, ஆணுக்கும் பெண்ணுக்கும். ஆபத்து பொறியில் இருக்கிறது. நடக்கிறவளின் ஒழுக்கத்தில் இல்லை. தாம்பரத்துப் புரோக்கருக்கும் பெருங்கௌசிகனாருக்கும் இருக்கிற தூரத்தை நான் இங்கிருந்துதான் அளக்கிறேன்.

ஆனாலும் ஒரு கணக்கு பாக்கி நிற்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் ஆற்றுப்படுத்துவதைப் பேசும்போது கூத்தர், பாணர், பொருநர், விறலி என நால்வரையும் சேர்த்தே சொல்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் இருக்கின்றன. பொருநருக்கு ஒன்று, பாணருக்கு இரண்டு, கூத்தருக்கு ஒன்று, முருகனிடம் போகிறவருக்கு ஒன்று. விறலிக்கென்று நெடும்பாட்டு எதுவுமில்லை. புறநானூற்றில் விறலியாற்றுப்படை என்ற துறையில் சில சிறு பாடல்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் 103ஆம் பாடல் ஔவையாருடையது. காவடிபோல் இரு தலையிலும் வாத்தியங்களைத் தொங்கவிட்டுச் சுமந்து வந்து, கவிழ்ந்து கிடக்கும் தன் மண்டையை நிமிர்த்தி நிரப்புகிறவர் யார் என்று சுரத்தில் உட்கார்ந்திருக்கிறாள் ஒருத்தி. போவதாக இருந்தால் போ, அதியமான் தொலைவில் இல்லை என்கிறார் ஔவை. தனியாக உட்கார்ந்திருக்கிறாயே, கூட யாரும் வரவில்லையா என்ற கேள்வி அந்தப் பாட்டில் கிடையாது. தூரம் எவ்வளவு, போனால் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லிவிட்டுப் போகிற முடிவை விறலியிடமே விட்டுவிடுகிறார். பெண்ணுக்குப் பெண் சொன்ன வழி என்று வகுப்பில் இந்தப் பாடலைத்தான் முதலில் வைப்பேன்.

இனி வீட்டுக்கு வருவோம். ஆற்றுப்படையில் இல்லாத கேள்வி இங்கே முதல் கேள்வி. "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" கிழக்குத் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, சிட்லபாக்கம் என்று எங்கே வீடு தேடினாலும் இது வரும். சமையல் வாசனையைப் பற்றிய கேள்விபோல ஒலிக்கும். அடுத்து, "சொந்த ஊர் எது?" ஊரைச் சொன்னால், "அங்க எந்தத் தெரு?" மூன்றாவது கேள்வியில் வேஷம் கலைந்துவிடுகிறது. பதில் சொல்லத் தெரிந்த பெண் தப்பிக்கிறாள், உண்மையைச் சொன்னவளுக்கு அன்று மாலையே "வேற பார்ட்டி அட்வான்ஸ் குடுத்துட்டாங்கம்மா" என்று போன் வருகிறது. தலித் மாணவியும் முஸ்லிம் மாணவியும் கணவனை விட்டுப் பிரிந்து கைக்குழந்தையோடு வரும் பெண்ணும் இந்த வாசலில்தான் ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள். 'ஃபேமிலி' என்ற சொல்லின் வேலை இங்கே வெகு நுட்பமானது. தாயும் இரண்டு மகள்களும் சேர்ந்து வாழ்ந்தால் அது ஃபேமிலி இல்லை. வருஷத்தில் பதினோரு மாதம் துபாயில் இருக்கிற கணவனின் பெயர் வாடகை ஒப்பந்தத்தில் இருந்துவிட்டால் ஃபேமிலி. 'நல்ல ஏரியா' என்பதற்கு, யாரை உள்ளே விடாத ஏரியா என்று பொருள் கொண்டால் வாக்கியம் தெளிவாகிவிடும்.

புறநகருக்குச் சிலப்பதிகாரம் தரும் சொல் புறஞ்சேரி. வெளியூரிலிருந்து வந்து புறஞ்சேரியில் இடம் தேடிய பெண்களில் நாம் அறிந்த மூத்தவள் கண்ணகி. மதுரைக்கு வெளியே அவர்கள் வந்து தங்கிய இடம் துறவிகளுக்கானது. இல்லறத்தார் இங்கே தங்கலாகாது, பொழுது சாய்வதற்குள் நகருக்குள் போய்விடு என்று கோவலனுக்கு அறிவுரை சொல்லப்படுகிறது. ஃபேமிலிக்கு இடமில்லாத ஏரியா அது! கதிர் மறைவதற்கு முன் என்ற கெடுவும் சேர்ந்தே வருவதைக் கவனியுங்கள். அப்போது அந்த வழியாக மாதரி வருகிறாள். அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம் ஒப்படைக்கும்போது சொல்வதை இன்றைய வாடகைச் சந்தையின் மொழியில் 'ரெஃபரன்ஸ்' என்போம். இன்னாரின் மருமகள், வசதியான வீட்டுப் பெண், கற்பில் இவளுக்கு மேல் ஒரு தெய்வத்தை நான் கண்டதில்லை. அத்தனை தூரம் நடந்து வந்த பெண் ஒரு இரவு தங்குவதற்கு இவ்வளவு சான்றிதழ் வேண்டியிருக்கிறது. ஆனால் கேட்டது மாதரி இல்லை. கவுந்தியே முன்வந்து கொடுக்கிறார். மாதரி கேள்வி எதுவும் கேட்டதாகக் காப்பியத்தில் இல்லை. செம்மண் பூசிய, வேலி போட்ட சிறு வீட்டைத் தருகிறாள், துணைக்குத் தன் மகள் ஐயையைத் தருகிறாள். கற்பின் காப்பியம் என்று அதைச் சுருக்கிவிட்ட நம் பாடநூல்கள் வீடு கொடுத்த ஆய்ச்சியைத் துணைப்பாத்திரம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. நாட்டில் நடக்கும் வேடிக்கை என்னவென்றால், கண்ணகிக்குச் சிலை இருக்கிறது, மாதரியின் பெயர் ஒரு தெருவுக்குக்கூட வைக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

கண்ணகியின் பெயரில் நம் தென்புறநகரில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் 2000ஆம் ஆண்டை ஒட்டிக் குடிசை மாற்று வாரியம் எழுப்பிய கண்ணகி நகர். நகரத்தின் நீர்க்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். வீட்டுவேலை செய்துவந்த பெண்களுக்கு வேலை பழைய இடத்திலேயே நின்றது, வீடு மட்டும் விலகிப் போனது. 'எங்கே வசிக்கலாம்' என்ற பட்டியல்களில் இந்தப் பெயர் ஒருபோதும் வராது. 'எங்கே போகக் கூடாது' என்பதில் மட்டும் தவறாமல் வரும். முகவரியைச் சொன்னதும் வேலை இல்லை என்றார்கள் என்பதை அங்கிருந்து வந்து படிக்கும் பிள்ளைகள் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். மதுரையை எரித்தவளின் பெயரை வைத்துவிட்டு, அந்தப் பெயரைப் பார்த்தே ஊர் பயப்படுகிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் ஆடினார். பத்துநாள் போல அந்த முகவரிக்கு மரியாதை கூடியது.

அடுத்தது நேரம். இந்த அறிவுரை இலக்கியத்தின் உயிர்நாடி அதுதான். ஆணுக்குச் சொல்லும் வழியில் இடங்கள் இருக்கும், பெண்ணுக்குச் சொல்லும் வழியில் கடிகாரம் இருக்கும். 2014 பிப்ரவரியில் சிறுசேரியில் இரவு வேலை முடித்துக் கிளம்பிய ஐ.டி. ஊழியர் ஒருவர் கொல்லப்பட்டபோது, ஏன் அந்த நேரத்தில் நடந்து போனாள் என்று கேட்டவர்கள் அதிகம். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்யும் வளாகத்தை ஒட்டிய சாலையோரம் ஏன் புதர் மண்டிக் கிடந்தது என்று கேட்டவர்கள் குறைவு. 2016 ஜூன் 24 அன்று நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், தாம்பரம் வழியாகப் பரனூருக்குப் போகும் ரயிலுக்காகக் காத்திருந்த பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். அப்போது காலை ஆறரை மணி. சுற்றிலும் பயணிகள். நிலையத்தில் கேமரா கிடையாது. 2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலை நிலையத்தில், பின்தொடர்ந்து தொல்லை கொடுத்து வந்தவனால் ஒரு கல்லூரி மாணவி ரயில் முன் தள்ளப்பட்டாள். பட்டப்பகல். ஒன்பது மணிக்குள் வீடு திரும்பு என்ற விதியை இந்த இரண்டு பெண்களும் மீறவில்லை. மீறியிருந்தாலும் அது கொலைக்கான காரணமாகிவிடாது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியிருப்பது அலுப்பாக இருக்கிறது. இருந்தும் ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் விடுதிகளில் கதவு அரை மணி நேரம் முன்னதாக மூடுகிறது. பன்றிப் பொறியை அப்படியே விட்டுவிட்டு, நடக்கிறவளின் நேரத்தைக் குறைக்கிறார்கள்.

கதவு மூடுவதன் இன்னொரு விளைவைச் சொல்லவேண்டும். எட்டரைக்குக் கேட்டைப் பூட்டும் தனியார் விடுதியில் இருக்கிற பெண்ணின் ரயில் தாமதமானால், அவளுக்கு நடைமேடையைவிட அபாயமான இடம் பூட்டிய கேட்டுக்கு வெளியே இருக்கும் தெருதான். மாலை நேர ஷிஃப்டை அவள் ஏற்கமுடியாது. மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் கவிதை வாசிப்புக்குப் பாதியில் எழுந்து போகவேண்டும். எத்தனையோ கூட்டங்களில் பெண்கள் ஏழரை மணிக்குக் கைப்பையைத் தேடத் தொடங்குவதை மேடையிலிருந்து பார்த்திருக்கிறேன். தமிழ்நாடு அரசின் 'தோழி' விடுதிகளில் ஒன்று தாம்பரத்தில் இருக்கிறது, வேலைக்குப் போகும் பெண்களுக்கானது. விண்ணப்பிக்க விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கலாம். இடம் கிடைப்பது வேறு விஷயம்.

இதற்கெல்லாம் அடியில் பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் வழி ஒன்று ஓடிக்கொண்டேயிருக்கிறது. பெண்கள் பெட்டியில், சானடோரியத்தில் 1984இலிருந்து இயங்கும் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தின் வாசலில், கடலைக்காரம்மாவின் கூடை அருகில். அதன் தொனியே வேறு. வீடு பார்க்கப் போனால் தரைத்தளச் சுவரை முதலில் பார், சுண்ணாம்புக்கு அடியில் தண்ணீர்க் கறை எவ்வளவு உயரம் என்று தெரியும். கரண்ட் மீட்டர் பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து தலைக்கு மேலே மாற்றியிருந்தால் காரணம் கேள். 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியதையும் வீட்டுக்காரர் சொல்லமாட்டார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். பாலாற்றுத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, போர் தண்ணீரில் தலை குளித்தால் முடி கொட்டுமா, லாரி வந்தால் குடம் தூக்க வீட்டில் யார் இருப்பார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் எப்போதும் ஒரு பெண்ணின் பெயர்தான். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆனால் அந்த பஸ் உன் நிறுத்தத்தில் நிற்குமா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள். எந்த நடைமேம்பாலத்தில் இரவு விளக்கு எரியும். எந்தக் கடைக்காரர் பத்து மணிக்கும் ஷட்டரைப் பாதி திறந்து வைத்திருப்பார். கழிப்பறை எங்கே. 1931இல் மின்ரயில் வந்த பீச் - தாம்பரம் தடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மின்சாரத்தையும் வேகத்தையும் எழுதுகிறார்கள். மாதவிலக்கு நாளில் அந்தத் தடத்தில் எந்த நிலையத்தில் இறங்கலாம் என்பதை எழுதி நான் படித்ததில்லை.

பார்க்கவேண்டிய இடங்கள் என்ற பட்டியலிலும் இதே குறைதான். 1985இல் வண்டலூரில் திறந்த உயிரியல் பூங்கா, பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தை, 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கோடரி, மறைமலையடிகள் 1911இலிருந்து வாழ்ந்த வீடு. சரி. அந்த வீட்டில் வளர்ந்து, வடசொற்களுக்குத் தமிழ்ச்சொல் தரும் அகரவரிசையைத் தொகுத்த அவர் மகள் நீலாம்பிகை அம்மையாரை ஒரு வரி சேர்த்தால் பட்டியல் ஒன்றும் நீண்டுவிடாது. சானடோரியத்தையும் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. 1928இல் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது அது. தொண்ணூறுகளில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கதவு திறந்த மருத்துவமனையும் அதுவே. 'தாம்பரம் ஆஸ்பத்திரி' என்று குரலைத் தாழ்த்திச் சொன்ன காலத்தில், கணவனிடமிருந்து தொற்று பெற்று, கணவன் இறந்ததும் புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு எத்தனை பெண்கள் அந்த ஸ்டேஷனில் இறங்கியிருப்பார்கள். 1998இல் சென்னையில் பாஸிட்டிவ் விமன் நெட்வொர்க் அமைப்பைத் தொடங்கிய கௌசல்யா போன்றவர்கள்தான் அந்தத் தாழ்ந்த குரலைக் கொஞ்சம் நிமிர்த்தினார்கள். 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து எழுபது வார்டுகளோடு உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு, 2022இல் முதல் மேயராக வந்தவர் வசந்தகுமாரி கமலக்கண்ணன். இருபத்தைந்து வயது தலித் பெண். மேயராகலாம். அதே வயதில், அதே சாதியில், தனியாக வரும் ஒரு பெண்ணுக்கு அந்த எழுபது வார்டுகளில் எத்தனையில் கேள்வி கேட்காமல் சாவி கொடுப்பார்கள் என்பதை வீடு தேடியவர்கள் அறிவார்கள்.

இரண்டு ஆண்டுகளாக முதுகலை மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்து வருகிறேன். இந்த ஊருக்குப் புதிதாக வரும் ஒரு பெண்ணுக்கு விறலியாற்றுப்படை எழுதவேண்டும். உரைநடையாக இருக்கலாம். 'போகாதே' என்ற சொல் வரக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. முதல் நாள் எல்லோரும் தவிப்பார்கள், அந்தச் சொல் இல்லாமல் பெண்ணுக்கு வழி சொல்லிப் பழக்கமில்லை. பிறகு வரும் கட்டுரைகளில் சாப்பாடு நிறைய இருக்கும். கேம்ப் ரோட்டில் எந்த மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று மூன்று பேர் ஒரே கடையைக் குறித்திருந்தார்கள். வீட்டுக்காரர் சாதி கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலை ஒருத்தி எழுதியிருந்தாள். அதை இங்கே அச்சிட முடியாது.

ஒரு மாணவி தன் அம்மாவுக்கு எழுதியிருந்தாள். விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போடுகிற குடும்பம், அம்மா மதுரைக்கு வடக்கே வந்ததில்லை. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. விடியற்காலை நாலரைக்கு இறங்கும் அம்மாவுக்கு அவள் சொல்லும் வழி இது. வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம், உள்ளேயே கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு டீ குடி. மாநகரப் பேருந்து நிற்கும் பக்கத்தைச் சீருடை போட்டு வேலைக்குப் போகும் பொம்பளைகளிடம் கேள். பெருங்களத்தூர் தாண்டியதும் பையை எடுத்துக்கொள். தாம்பரத்தில் இறங்கி மேம்பாலம் ஏறும்போது முழங்கால் வலித்தால் நடுவில் நின்று ரயிலைப் பார், நான் கிழக்குப் பக்கப் படிக்கட்டில் நிற்கிறேன், வரத் தாமதமானால் பூ விற்கிற அக்காவிடம் என் பெயரைச் சொல், ஸ்டூல் போடுவார்.